ஊசி போட்டுக்கொள்ளலாம், மாத்திரையை நிறுத்தக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கவாதத்துக்குப் பிறகு வரும் மறதிக்கு, மெல்லிய ஊசி குத்திச் செய்யும் அக்குபங்சர் கைகொடுக்கும் என்று தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தோம். பக்கவாதம் என்றாலே கை, கால், வாய் கோணல் என்று மட்டும் பேசிக்கொண்டிருக்கிற ஊரில், புத்தி தடுமாறுவதையும் ஒருவர் எடுத்து எழுதியது நல்ல காரியம். ஆனால் ஊசி எங்கே, எவ்வளவு ஆழம், வாரத்தில் எத்தனை நாள், யாருக்குக் கூடாது என்பதில் ஒன்றைக்கூட அந்தக் கட்டுரை தொடவில்லை. கடைசிப் பத்தியில் 'மருந்தே தேவைப்படாது' என்று வேறு போட்டிருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவில் மருத்துவராக, அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அக்குபங்சர் சிகிச்சையாளராகப் பணிபுரிகிறவர்கள் நாங்கள். ஊசிக்கு எதிரிகள் இல்லை. அதைக் கையில் எடுப்பவர்கள்தான். கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளவும்.

வீட்டார் மறதி என்று சொல்லிக்கொண்டு அழைத்து வருவதில் பல நேரம் நினைவாற்றல் கெட்டிருக்காது. காபி போடப் போனவர் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு, ஃபில்டரையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பார். டிகாக்‌ஷன் எது, சர்க்கரை எது என்று கேட்டால் சரியாகக் காட்டுவார். ஒன்றன் பின் ஒன்றாகச் செய்யும் வரிசைதான் உடைந்திருக்கும். இது மூளையின் முன்பகுதியும் அதற்குப் போய்வரும் நரம்பு இழைகளும் பாதிக்கப்பட்டதால் வருவது. வலப்பக்க மூளையில் அடைப்பு வந்தவர் தட்டில் இடது பாதிச் சோற்றை அப்படியே விட்டுவிட்டு, 'போதவில்லை' என்பார். சொல் வராத நோயாளி 'இன்று என்ன கிழமை' என்ற கேள்விக்குத் தப்பாகச் சொல்வார். கிழமை தெரியும், வாய்க்கு வராது. எதிலும் நாட்டமில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கு மனச்சோர்வாக இருக்கலாம். தலாமஸ் என்ற பகுதியில் கடுகளவு அடைப்பு வந்தாலே, கை கால் நன்றாக இருக்க நினைவு மட்டும் அடியோடு போவதும் உண்டு. இத்தனையையும் ஒரே பெயரில் கட்டி, ஒரே புள்ளியில் குத்தினால் சரியாகும் என்பது எந்த மருத்துவ முறைக்கும் அடுக்காது.

ஊசிக்கு முன்னால் சில சோதனைகள் கட்டாயம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் சாப்பிட்டவருக்கு பி12 குறைந்திருக்கலாம். ரத்த அழுத்தத்துக்குத் தயாசைடு வகை நீர் மாத்திரை சாப்பிடும் முதியவருக்குச் சோடியம் இறங்கியிருக்கலாம்; ஆள் மந்தமாகி, பேச்சு குழறி, வீட்டார் மறுபடி ஸ்ட்ரோக் என்று பயந்து வருவார்கள். தைராய்டு, சிறுநீர்த் தொற்று, இரவில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது, வெளியே தெரியாத வலிப்பு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் எழுதிய அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடக்க முடியாததற்கு எழுதிய ஆக்ஸிபியூட்டினின், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய தூக்கம் வரவழைக்கும் இருமல் மருந்து ஆகியவை முதியவர்களின் நினைவைக் குழப்பும். கண்புரையும் காது மந்தமும் சேர்ந்தால் நல்ல மூளையே தடுமாறும். சோடியத்தைச் சரிசெய்தாலே தெளிகிறவருக்கு ஊசி போட்டு, தெளிந்த பெருமையை ஊசிக்குக் கொடுப்பதும் நடக்கிறது.

அடுத்தது அளவீடு. நினைவு, கவனம், திட்டமிடல் ஆகியவற்றைப் பார்க்கும் மோக்கா என்ற சோதனை 30 மதிப்பெண்ணுக்கு, தமிழிலும் இருக்கிறது. கடிகார முகம் வரைந்து 11 மணி 10 நிமிடம் காட்டச் சொல்வது, 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது, ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டுச் சில நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்பது எல்லாம் அதில் அடக்கம். 26க்குக் கீழே வந்தால் மேலும் பார்க்க வேண்டும் என்பது வழக்கமான கோடு. 12 ஆண்டோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டிப் போட வேண்டும். பள்ளிக்கூடம் போகாதவருக்கு இதே தாளைக் கொடுப்பது அநியாயம். அவர்களுக்கென்று எளிமையான வடிவம் தனியாக இருக்கிறது. பல கிளினிக்குகளில் பயன்படுத்தும் எம்எம்எஸ்இ என்ற இன்னொரு 30 மதிப்பெண் சோதனைத் தாளில் திட்டமிடும் திறனைச் சோதிக்கும் கேள்விகள் மிகக் குறைவு. அதனால் 28 வாங்கியவர் வீட்டில் கேஸ் அடுப்பை மூடாமல் விடுவார்.

இந்தச் சோதனையை முதல் ஊசிக்கு முன்பே எடுத்துத் தேதி போட்டு வைக்க வேண்டும். நான்கு வாரம் கழித்து, நாளின் அதே நேரத்தில், வேறு சொற்கள் உள்ள மாற்றுத் தாளில் திரும்ப எடுக்க வேண்டும். பழைய தாளையே நீட்டினால் பழக்கத்தால் மதிப்பெண் ஏறும். ஒன்றிரண்டு மதிப்பெண் கூடியதை வைத்துக் குணமாகிறது என்று சொல்லிவிட முடியாது. மாத்திரையைத் தானே எடுத்துப் போடுகிறாரா, கடையில் மீதிச் சில்லறை சரிபார்க்கிறாரா, பேத்தியின் பெயர் வருகிறதா என்று வீட்டார் ஐந்தாறு வேலைகளை நோட்டில் குறித்து வைத்தால் அதுவே மேலான சாட்சி.

இனி ஊசிக்கு வருவோம். சீனத்தில் இந்தப் பிரச்சினைக்கு அதிகம் எடுத்தாளப்படும் புள்ளிகள் தலையில்தான். உச்சியில் பைஹுய், நம் ஊர்ச் சிகிச்சையாளர்கள் ஜிவி 20 அல்லது டியூ 20 என்பார்கள். இரு காது மடல்களின் மேல் நுனிகளையும் சேர்க்கும் கோடு தலையின் நடுக்கோட்டை வெட்டும் இடத்தில் அது இருக்கிறது. அதைச் சுற்றி முன், பின், இடம், வலம் ஒரு சுன் தள்ளி நான்கு புள்ளிகள், சிஷென்சொங். முன் மயிர்க்கோட்டிலிருந்து அரை சுன் உள்ளே ஷென்திங். அதற்கு இருபுறமும் மூன்று சுன் தள்ளி பென்ஷென். சுன் என்பது நோயாளியின் சொந்தக் கட்டைவிரல் கணுவின் அகலம். சிகிச்சையாளரின் விரலை வைத்து அளக்கக் கூடாது. தலையில் அதையும்விட நம்பகமான அளவு, முன் மயிர்க்கோட்டிலிருந்து பின் மயிர்க்கோடு வரை 12 சுன் என்று பங்கு போடுவது. வழுக்கைத் தலையில் முன் மயிர்க்கோட்டை எங்கே தேடுவது? புருவ நடுவிலிருந்து மேலே மூன்று சுன் என்று கணக்கு வைத்து அங்கே கோடு இருந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டும். வழுக்கை ஏறிய இடத்திலிருந்து அளக்கத் தொடங்கினால் ஷென்திங் உச்சிக்குப் போய்விடும். அடிக்கடி பார்க்கும் பிழை இது.

தலைத்தோல் ஐந்து அடுக்கு. மேலே தோல், அடுத்துக் கொழுப்பும் ரத்தக் குழாயும் நிறைந்த கெட்டியான அடுக்கு, அதன் கீழே தட்டையான நாண், அதற்கும் கீழே தளர்வான அடுக்கு, கடைசியில் எலும்பின் உறை. ஊசி போய்ச் சேர வேண்டியது அந்தத் தளர்வான நான்காம் அடுக்கு. மயிரை வகிர்ந்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, அது காயும்வரை காத்திருந்து, 0.25 மி.மீ. தடிமனும் 25 அல்லது 40 மி.மீ. நீளமும் உள்ள, ஒரு முறை பயன்படுத்தி எறியும் ஊசியை 15 முதல் 30 டிகிரி சாய்வில் தோலைத் துளைத்து மெல்லத் தள்ள வேண்டும். சரியான அடுக்குக்கு வந்ததும் விரலுக்கு எதிர்ப்பு சட்டென்று குறைந்து, ஊசி வழுக்கிக்கொண்டு போகும். சுரீரென்று வலித்தால் இன்னும் கெட்டி அடுக்கிலேயே நிற்கிறது. நுனி எதிலோ முட்டினால் எலும்பு உறையைத் தொட்டிருக்கிறது. இரண்டிலும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துச் சாய்வை மாற்ற வேண்டும், பலவந்தம் உதவாது. பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நிமிடத்துக்கு 200 முறை அளவில் ஒன்றிரண்டு நிமிடம் உருட்டி, 20 முதல் 30 நிமிடம் வைத்திருந்து, நடுவில் ஓரிரு முறை திரும்ப உருட்டுவது வழக்கம்.

கைகால் புள்ளிகளில் தியான்ஜின் நகரைச் சேர்ந்த ஷி சுவேமின் 1972இல் வகுத்த முறை பெயர் பெற்றது. மூளையை விழிக்கச் செய்வது என்று அதற்குப் பெயர். மணிக்கட்டின் உள்பக்கம் நெய்குவான், மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையே ரென்சொங், உள்கணுக்காலுக்கு மேலே சான்யின்ஜியாவ் ஆகிய மூன்றும் அதில் தலையாயவை. ரென்சொங்கில் மூக்குத் தண்டை நோக்கிச் சாய்த்துக் குத்தி, குருவி கொத்துவது போல நோயாளியின் கண்ணில் நீர் தளும்பும்வரை செய்ய வேண்டும். சான்யின்ஜியாவில் கால் மூன்று முறை துள்ள வேண்டும். படிக்கும்போதே புரிந்திருக்கும், இது மென்மையான வைத்தியம் இல்லை. நினைவு மயங்கி ஏற்கெனவே பயந்துகொண்டிருக்கும் முதியவருக்கு மேலுதட்டுக்கு மேல் இப்படிக் கொத்தினால் அடுத்த நாள் அவர் வாசலைத் தாண்டி உள்ளே வர மாட்டார். படுத்த படுக்கையாக, விழிப்பு மங்கிய நிலையில் இருப்பவருக்கு அது பொருந்தலாம். உட்கார்ந்து பேசுகிறவருக்குத் தலைப் புள்ளிகளோடு நெய்குவானும், மணிக்கட்டு மடிப்பில் உள்ள ஷென்மெனும் போதும் என்பது எங்கள் கருத்து.

மின் அக்குபங்சர் என்றால் பைஹுயையும் ஷென்திங்கையும் இரண்டு கம்பியால் கோத்து, 2 ஹெர்ட்ஸிலோ 2ம் 100ம் மாறி மாறி வரும் அலையிலோ 20, 30 நிமிடம் மின் தூண்டல் கொடுப்பது. குமிழைப் பூஜ்யத்தில் வைத்துத்தான் இயந்திரத்தைப் போட வேண்டும். லேசாகச் சுறுசுறுவென்று உணரும் அளவில் நிறுத்த வேண்டும். பாதித்த பக்கத்தில் உணர்ச்சி மரத்தவரும் பேச்சு வராதவரும் 'அதிகமாகிவிட்டது' என்று சொல்ல மாட்டார்கள். அவர்கள் முகம் சுளிப்பதையும் நெற்றித் தசை துடிப்பதையும்தான் பார்க்க வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவருக்கு மின் ஊசி கூடவே கூடாது. மற்றவர்களுக்கும் இடது கையையும் வலது கையையும் ஒரே ஜோடியில் கோக்கக் கூடாது, மின்னோட்டம் நெஞ்சு வழியாகப் போகும். பக்கவாதத்துக்குப் பிறகு வலிப்பு வந்தவருக்குத் தலையில் மின் தூண்டலைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம்.

இந்தச் சிகிச்சையைச் சோதித்த சீன ஆய்வுகளில் வாரத்துக்கு ஐந்து நாள், நான்கு முதல் பன்னிரண்டு வாரம் என்று கொடுக்கிறார்கள். குறைந்தபட்சம் 20 சிட்டிங். இதை மனதில் வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வாருங்கள். தமிழ்நாட்டில் அக்குபங்சர் என்ற பலகையின் கீழ் நடப்பதில் கணிசமான பகுதிக்கு ஊசியே கிடையாது. நாடி பார்த்து, ஒரு புள்ளியில் ஒரு விரலைச் சில நொடி வைத்து எடுத்துவிட்டு, 'அடுத்த வாரம் வாருங்கள்' என்று அனுப்பும் தொடு சிகிச்சை அது. அதை நம்புகிறவர்கள் நம்பட்டும். ஆனால் அதே அறையில் 'சீன ஆய்வுகள் நிரூபித்தவை' என்று படம் மாட்டி வைப்பது முறையில்லை. பத்துப் பதினைந்து ஊசி, அரை மணி நேரம், மின் தூண்டல், வாரம் ஐந்து நாள் என்று செய்த ஆய்வின் முடிவை, வாரம் ஒரு தொடுதலுக்கு எப்படி எடுத்துக்கொள்வது? 500 மில்லிகிராம் மருந்தை வைத்துச் செய்த ஆய்வைக் காட்டி 5 மில்லிகிராமை விற்றால் கேள்வி கேட்போம் அல்லவா? தங்கள் கட்டுரையும் இந்த இரண்டையும் பிரிக்காமல் ஒரே சொல்லால் போர்த்திவிட்டது.

அந்த ஆய்வுகள்தான் எவ்வளவு உறுதி? பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறோம். மூளை ரத்தக் குழாய் அடைப்பால் வரும் டிமென்ஷியாவுக்கு, அதாவது புத்தி மங்கும் நோய்க்கு, அக்குபங்சர் உதவுமா என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2007இல் தேடியபோது, தரத்தில் தேறிய ஒரு ஆய்வுகூடக் கிடைக்கவில்லை. பக்கவாத மறுவாழ்வு முழுவதற்குமான 2016 காக்ரேன் மதிப்பாய்வில் 31 ஆய்வுகள், 2257 நோயாளிகள். அறிவாற்றல் உட்படச் சிலவற்றில் பலன் இருக்கலாம் என்ற அறிகுறி தெரிந்தது. ஆய்வுகளின் தரம் போதாததால் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே முடிவு. சீனத்தின் ஃபூஜியன் மாகாணத்துக் குழு ஒன்று 240 நோயாளிகளை நான்கு பிரிவாக்கி, ஊசி மட்டும், கம்ப்யூட்டர் வழி மூளைப் பயிற்சி மட்டும், இரண்டும் சேர்ந்து, இரண்டும் இல்லாமல் என்று ஒப்பிட்டு 2016இல் வெளியிட்டது. இரண்டும் சேர்ந்த பிரிவு முன்னே நின்றது. நாங்கள் ஊசியைத் துணையாக மட்டும் பார்ப்பதற்கு இந்த வகை முடிவுகளே காரணம். எலிகளின் மூளை ரத்தக் குழாயை அடைத்து, இந்தப் புள்ளிகளில் மின் ஊசி போட்டு, நீரில் வழி கண்டுபிடிக்கும் சோதனை வைத்து, நினைவு மையத்தில் புரதங்கள் கூடுகின்றன என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. எலிக்குப் பக்கத்து வீட்டுக் கடன் கணக்கு நினைவிருக்க வேண்டியதில்லை. அதை அந்த அளவிலேயே வைத்துக்கொள்வோம்.

சந்தேகத்துக்குக் காரணங்களும் தெளிவானவை. முதல் மூன்று மாதத்தில் மூளை தானாகவே பெரிதும் தேறும். அந்தக் காலத்தில் எது செய்தாலும் பலன் போலத் தோன்றும். ஊசி போட்டவருக்குத் தினமும் அரை மணி நேரம் ஒருவர் பக்கத்தில் இருந்து பேசுகிறார், தொடுகிறார். ஒப்பிடுவதற்காக ஊசி போடாமல் வைத்த பிரிவினருக்கு அது கிடைப்பதில்லை. தோலைத் துளைக்காமல் உள்ளே மடங்கும் போலி ஊசியைக் கையில் நிறுத்தலாம், மயிரடர்ந்த தலையில் நிறுத்துவது கடினம். ஊசி போடுகிறவருக்கு எது அசல் என்று எப்படியும் தெரியும். 1998இல் ஆண்ட்ரூ விக்கர்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் நாடு வாரியாக ஆய்வுகளைப் பிரித்துப் பார்த்தபோது, சீனா, ஜப்பான், ஹாங்காங், தைவான் ஆகியவற்றிலிருந்து வந்த அக்குபங்சர் ஆய்வுகளில் பலனில்லை என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை. எந்த வைத்தியமும் ஒவ்வொரு முறையும் ஜெயிக்காது.

'உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட நோய்கள்' என்ற பட்டியலைப் பல கிளினிக் சுவர்களில் பார்க்கலாம். அது பெரும்பாலும் 1979இல் பெய்ஜிங்கில் நடந்த கருத்தரங்கில் போட்ட 43 நோய்ப் பட்டியலின் வாரிசு. சிகிச்சை அனுபவத்தை வைத்துத் தொகுத்தது, ஒப்பீட்டு ஆய்வுகளை வைத்து அல்ல என்ற குறிப்பு சுவருக்கு வருவதில்லை. மத்திய அரசு 2019 பிப்ரவரியில் அக்குபங்சரைத் தனிச் சிகிச்சை முறையாக ஏற்றது உண்மை. எந்த நோய்க்கு எவ்வளவு பலன் என்ற கேள்விக்கு அந்த ஆணையில் பதில் தேட முடியாது.

யாருக்குக் கூடாது என்பதே இந்தக் கடிதத்தில் முக்கியமான பகுதி. மூளை வீக்கத்துக்காக மண்டையோட்டின் ஒரு துண்டை எடுத்து வைத்திருக்கிற நோயாளியின் தலையில், அந்தப் பள்ளமான பகுதியில் ஊசி நுனிகூடப் படக் கூடாது. தோலுக்குக் கீழே எலும்பு இல்லை, மூளைதான். துண்டைத் திரும்ப வைத்துவிட்டார்களா என்று தொட்டுப் பார்த்து முடிவு செய்யாமல் டிஸ்சார்ஜ் தாளைக் கேட்டு வாங்க வேண்டும். மூளை நீர் வடிய ஷன்ட் குழாய் வைத்தவருக்கு அது தலைத்தோலுக்கு அடியில் காதுக்குப் பின்னால் இறங்கி வயிறு வரை போகும். அந்தப் பாதை முழுவதும் தவிர்க்க வேண்டும். தலையில் புண், பொடுகு முற்றிச் சீழ் வைத்தது இருந்தால் ஆறும்வரை வேண்டாம். அந்தத் தளர்வான அடுக்கில் தொற்று புகுந்தால் எலும்பைத் துளைத்துப் போகும் சிறு சிரைகள் வழியாக உள்ளே பரவ வழி இருக்கிறது. பிடரியில் ஃபெங்ச்சி என்ற புள்ளியும் இந்த நோய்க்குப் போடுவது உண்டு. மூக்கு நுனியை நோக்கி, ஒரு சுன் அளவுக்குள் நிற்க வேண்டும். திசை தப்பி ஆழமாகப் போனால் முதுகெலும்புத் தமனியும் முகுளமும் இருக்கின்றன. புதிதாகக் கற்றவர்கள் அதைத் தொடாமலிருப்பது நல்லது.

ரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவருக்கு மெல்லிய ஊசி போடலாம். தலைத்தோலின் கெட்டி அடுக்கு ரத்தக் குழாயைச் சுருங்கவிடாமல் இழுத்துப் பிடித்திருப்பதால் அங்கே ரத்தம் சற்று நீண்ட நேரம் கசியும். ஊசியை எடுத்ததும் பஞ்சால் இரண்டு நிமிடம் அழுத்த வேண்டும், தேய்க்கக் கூடாது. அதே காரணத்துக்காக வார்ஃபரின் சாப்பிடுகிறவரின் ஐஎன்ஆர் அளவை, அதாவது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்ணைக் கேட்காமல் ஊசியை எடுக்கக் கூடாது. 3க்கு மேல் போயிருந்தால் அன்று வேண்டாம். ரத்தம் குத்தி எடுப்பதும், தோலில் குவளை வைத்து உறிஞ்சும் கப்பிங்கும் இவர்களுக்கு வேண்டவே வேண்டாம். மாறாக, ஊசி போடுவதற்காக இந்த மாத்திரைகளை நிறுத்தச் சொல்லும் ஆளிடம் இருந்து எழுந்து வந்துவிடுங்கள். ரத்தக் கட்டியைத் தடுக்கும் மாத்திரையை நிறுத்தினால் அடுத்த அடைப்பு வரும் வாய்ப்பு கூடும். ஒவ்வொரு புதிய அடைப்பும் நினைவை ஒரு படி இறக்கும். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் கட்டுக்குள் வைப்பதுதான் புத்தி மேலும் மங்காமல் காக்க நம் கையில் உள்ள நிச்சயமான வழி. நினைவுக்காக ஊசி போடப் போய், நினைவைக் காக்கும் மாத்திரையை விடுவதைப் போன்ற அவலம் வேறில்லை.

சிட்டிங் அன்று வெறும் வயிற்றோடு வரக் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வந்து மயங்கினால், ஊசி மயக்கமா சர்க்கரை இறங்கியதா என்று தடுமாற வேண்டியிருக்கும். முதலில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 180க்கு 110ஐத் தாண்டினால் நாங்கள் ஊசி போடுவதில்லை. நாற்காலியில் உட்கார வைக்காமல், தலைப்பக்கம் உயர்த்திய படுக்கையில் சாய்த்து வைப்பது நல்லது. குழப்பத்தில் இருப்பவர் நல்ல கையால் தலையைத் தடவி ஊசியைப் பிடுங்குவார். அந்தக் கையை வீட்டார் ஒருவர் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுக்க வேண்டும். உணர்ச்சியற்ற காலில் மாக்ஸா என்ற மூலிகைச் சூடோ சூட்டு விளக்கோ வைத்தால் வெந்தது தெரியாமலே வெந்துபோகும், சர்க்கரை நோயாளிக்கு அந்தப் புண் மாதக்கணக்கில் ஆறாது. இன்னொன்று, மயிருக்குள் ஊசி மறைந்துவிடும். போட்ட எண்ணிக்கையைக் குறிப்பேட்டில் எழுதி, எடுக்கும்போது எண்ணிச் சரிபார்க்க வேண்டும். மறந்த ஒரு ஊசியோடு ஆட்டோவில் ஏறித் தலையைப் பின்னால் சாய்த்தால் என்ன ஆகும்? எடுத்த ஊசி, துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்குப் போக வேண்டும். 2016 மருத்துவக் கழிவு விதி அப்படித்தான் சொல்கிறது. ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு அடுத்தவருக்கு எடுக்கும் இடமாக இருந்தால் அதைக் கேட்கவே தேவையில்லை, வெளியேறலாம்.

இருபது சிட்டிங் என்பது வீட்டுக்குப் பெரிய சுமை. ஒரு பக்கம் கைகால் வராத நோயாளியை மாடியிலிருந்து இறக்கி, ஆட்டோ பிடித்து, ஒருவர் வேலைக்கு விடுப்புப் போட்டு வர வேண்டும். பக்கவாதத்துக்குப் பின் வரும் அசதியில் அந்தப் பயணத்திலேயே நோயாளியின் அன்றைய தெம்பு தீர்ந்துவிடும். பிசியோதெரபிக்கோ பேச்சுப் பயிற்சிக்கோ அதன் பிறகு தெம்பு இல்லையென்றால், ஊசியை விட்டுவிட்டுப் பயிற்சியைத் தொடருங்கள் என்றே சொல்வோம். பயிற்சியும் ஊசியும் ஒரே கூரையின் கீழ், ஒரே வருகையில் கிடைத்தால் மட்டுமே இந்தச் செலவுக்குப் பொருள் உண்டு. ஊசி எடுத்த கையோடு ஆள் விழிப்பாக இருந்தால் அந்த அரை மணியில் பயிற்சி கொடுப்பது எங்கள் வழக்கம்.

பயிற்சிக்கு விலை உயர்ந்த கம்ப்யூட்டர் வேண்டியதில்லை. தங்கள் நாளிதழே போதும். ஒரு பத்தியைக் கொடுத்து, வரும் 'க' எழுத்தையெல்லாம் வட்டமிடச் சொல்லுங்கள், இரண்டு நிமிடம். இடப்பக்க ஓரத்தில் மட்டும் விட்டுப் போனால் பத்தியின் இடது விளிம்பில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் தடித்த கோடு இழுத்து, ஒவ்வொரு வரியையும் அந்தக் கோட்டைக் கண்டுபிடித்த பிறகே தொடங்கச் செய்யுங்கள். சுவரில் தினக் காலண்டரைக் கிழிக்கும் வேலையை அவருக்கே கொடுங்கள். கிழித்த தாளின் தேதியையும் கிழமையையும் உரக்கப் படிக்க வேண்டும். ஒரு பெயரோ போன் எண்ணோ மனதில் நிற்க வேண்டுமென்றால் சொல்லிக் கொடுத்து ஒரு நிமிடத்தில் கேளுங்கள், பிறகு இரண்டு, நான்கு, எட்டு நிமிடத்தில் கேளுங்கள். தப்பினால் திட்டாமல் விடையை உடனே சொல்லிவிட்டு, கடைசியாகச் சரியாகச் சொன்ன இடைவெளிக்குத் திரும்புங்கள். 'யோசியுங்கள், யோசியுங்கள்' என்று நெருக்கினால் தப்பான விடையே மனதில் பதியும். காபி வரிசை உடைந்தவருக்கு நான்கு படிகளை நான்கு அட்டையில் எழுதி, முடித்த அட்டையைக் கவிழ்த்து வைக்கச் சொல்வது உதவும்.

நான்கு வாரம் கழித்து மாற்றுத் தாளும் வீட்டு நோட்டும் ஏதும் காட்டவில்லை என்றால் நிறுத்திவிடலாம். 'இன்னும் பத்து சிட்டிங், அப்புறம் தெரியும்' என்பதற்கு ஆதாரம் கிடையாது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அக்குபங்சர் ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு ஸ்ட்ரிக்டா என்ற உலகளாவிய வரையறை இருக்கிறது, 2010இல் திருத்தினார்கள். எத்தனை ஊசி, எந்தப் புள்ளி, எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எத்தனை சிட்டிங், கூடவே என்ன சிகிச்சை, செய்தவரின் பயிற்சி என்ன, எதனோடு ஒப்பிட்டார்கள் என்று எல்லாம் அதில் உண்டு. இனி அக்குபங்சர் பற்றி எழுத வருகிறவரிடம் இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, பதில் வந்த பிறகு அச்சேற்றுங்கள். பதில் சொல்ல முடியாத கட்டுரை நலவாழ்வுப் பகுதிக்கு உரியதல்ல. வேண்டுமானால் 'விளம்பரம்' என்று மேலே போட்டு வெளியிடலாம்.

அக்குபங்சர் ஊசி போட்டுக்கொள்ளும் நாட்களில், வாய் புதிதாகக் கோணினாலோ, பேச்சு திடீரெனக் குழறினாலோ, இருந்த கை பலம் குறைந்தாலோ, திடீரெனக் குழப்பம் கூடினாலோ சிகிச்சையாளரின் போன் எண்ணைத் தேட வேண்டாம். 108ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தை, முதல் அறிகுறி தெரிந்த நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நோயாளி கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்தையும், சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் கையோடு கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவில் பணிபுரியும்
மருத்துவரும் சிகிச்சையாளர்களும்,
திருச்சி